துணி திணித்த விரல்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவனிடம் நீங்கள் கடைசியாகக் கேட்டது என்ன? "என்ன கொண்டு வந்தே?" என்பதா, "எப்போ திரும்பிப் போறே?" என்பதா? இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். இஸ்திரிக்காரனிடமும் எல்லோரும் இந்த இரண்டைத்தான் கேட்டார்கள். மூன்றாவதாக ஒன்றைக் கேட்டவள் ஒருத்திதான். அவளிடம் அவன் பொய் சொன்னான்.

அவனுக்கு வேலை ஒரு பெரிய லாண்டரியில். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் அங்கே மலைமலையாக வந்து குவியும். துவைத்த விரிப்பை ஈரத்தோடு சூடான உருளைகளுக்குள் செலுத்தினால், மறுபக்கம் சுருக்கமில்லாமல் காய்ந்து வந்து விழும். செலுத்தும் வாயில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் போதும், உருளை நின்றுவிடும். விரிப்பின் தடித்த தையல் பட்டாலும் நின்றுவிடும். சூப்பர்வைசருக்கு அதுதான் தலைவலி.

"கம்பியைத் தூக்கிக் கட்டுப்பா. வேலை ஓடட்டும்" என்றார்.

பழைய விரிப்பிலிருந்து ஒரு பட்டை கிழித்து முடிச்சுப் போட்டவன் இஸ்திரிக்காரன்தான்.

அதற்கு அடுத்த வாரம் அதே உருளையின் முன்னால் நின்றவன் அவனுடைய அறைத் தோழன். வாய் ஓயாதவன் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். விரிப்போடு வலது கையும் உள்ளே போயிற்று. மோதிர விரலும் சுண்டு விரலும் திரும்பி வரவில்லை. கவனக்குறைவு என்றது நிர்வாகம். விதி என்றார்கள் அறையில் இருந்தவர்கள். விதியாம். விதிக்கு முடிச்சுப் போடத் தெரியுமா? போட்டது ஒரு கை, போடச் சொன்னது ஒரு வாய். கைக்கும் வாய்க்கும் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ரேடியோவை விரிப்பு மடிக்கிற மேசைக்கு மாற்றினார்கள்.

கோடையில் இஸ்திரிக்காரனுக்கு விடுமுறை கிடைத்தது. ரேடியோ ஒரு பார்சலைக் கொண்டு வந்தான்.

"வீட்ல குடுத்துடு மச்சான். கை விஷயத்துல மட்டும் வாயைத் தொறக்காத. தெரிஞ்சா உடனே கெளம்பி வான்னுவா. வந்து என்னத்தப் பண்றது? மிச்ச விரலை வச்சு விசில்தான் அடிக்கணும்."

ஊருக்கு வந்த இஸ்திரிக்காரன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டான். அக்கா வீடு, மாமனார் வீடு, மச்சினி வீடு, பிறகு கடற்கரை, மலை, அருவி. எங்கே போட்டோ எடுத்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பார்சல் மட்டும் பீரோ மேலேயே கிடந்தது.

"ஊரெல்லாம் சுத்தியாச்சு" என்றாள் மனைவி. "அந்த மனுஷன் வீட்டுக்குப் போனா மட்டும் காலு தேஞ்சிடுமாக்கும்."

கிளம்புவதற்கு முதல் நாள்தான் போனான். மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், அதைச் சுற்றிப் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள். ரேடியோவின் மனைவி தண்ணீர் கொடுத்தாள். பார்சலை வாங்கினாள், பிரிக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், ஒளிக்காம சொல்லுங்க. அவரு கையை ஆட்டாம ஒரு வார்த்தை பேச மாட்டாரு. இப்ப போன்ல மூஞ்சி மட்டும்தான் தெரியுது. மோதிரம் எங்கன்னு கேட்டா பேச்சை மாத்துறாரு. அங்க வேற யாராச்சும்..."

ஒரு சீருடையை எடுத்து மடித்தாள்.

உண்மை அவன் நாக்கு நுனிவரை வந்தது. தனியாக வரவில்லை என்பதுதான் சங்கடம். கையைச் சொன்னால் உருளையைச் சொல்ல வேண்டும். உருளையைச் சொன்னால் கம்பியை. கம்பியைச் சொன்னால் முடிச்சை. ரேடியோவுக்குக் கொடுத்த வாக்கு சரியான நேரத்தில் ஞாபகம் வந்தது. ஒளிந்துகொள்ள நல்ல இடம் அது.

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. மெஷின் கொதிக்கும். மோதிரம் போட்டா விரல் பொத்துப் போயிடும். எல்லாருமே கழட்டி வச்சிருவோம்."

"கிளவுஸ் தர மாட்டாங்களா?"

"தருவாங்க. சீக்கிரம் கிழிஞ்சிடும்."

அவள் சிரித்தாள். மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை இறக்கி வைத்த சிரிப்பு. "நான் ஒரு பைத்தியம்ணே. என்னென்னமோ நெனச்சுட்டேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு."

இஸ்திரிக்காரனும் சிரித்து வைத்தான்.

பஸ்ஸுக்காகக் காத்திருந்தவனிடம் அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் ஒரு பை, அதற்குள் தடித்த தோல் கையுறை ஒரு ஜோடி.

"வெல்டிங் பண்றவங்க போடுறதாம், கிழியவே கிழியாதாம். அளவுதான் சந்தேகம். அவருக்கு விரல் கொஞ்சம் நீளம்."

விமானத்தில் அந்தப் பையை மேலே வைக்கவும் மனமில்லை, மடியில் வைக்கவும் மனமில்லை. கடைசியில் காலடியில் வைத்தான். அதுவும் பொறுக்கவில்லை. மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அறைக்கு வந்ததும் நடந்ததை ரேடியோவிடம் சொன்னான், முடிச்சைத் தவிர. ரேடியோ வலது கையுறையை மாட்டினான். இரண்டு விரல்கள் காற்றுப் போன பலூனாகத் தொங்கின.

"மச்சான், ஒரு துண்டுத் துணி குடு."

பழைய விரிப்பு ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. இஸ்திரிக்காரன் அதிலிருந்து ஒரு பட்டை கிழித்தான். கிழிபடும் சத்தம் அவனுக்குப் பழகிய சத்தம். இருவருமாக உட்கார்ந்து விரலுக்குள் துணியைத் திணித்தார்கள். பிறகு ரேடியோ மனைவியைப் போனில் கூப்பிட்டு, வலது கையை முழுசாக உயர்த்திக் காட்டினான்.

"பாத்தியா, அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

"ஒரு கிளவுஸுக்கு இவ்வளவு அலட்டலா?" அவள் குரலில் அத்தனை சந்தோஷம். "அண்ணன் எங்க? நல்லா இருக்கணும் அவரு."

"இந்தா, பக்கத்துலதான் நிக்கிறான் உன் பாசமலர்." ரேடியோ போனைத் திருப்பினான். இஸ்திரிக்காரன் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

மறுநாள் காலை உருளையின் முன்னால் போய் நின்றான். முடிச்சு போட்ட இடத்திலேயே இருந்தது, கொஞ்சம் அழுக்கேறி. அதன்மேல் விரலை வைத்தான்.

"என்னப்பா, லீவு மயக்கம் இன்னும் தெளியலையா?" என்றார் சூப்பர்வைசர். "விரிப்பு குவியுது பார்."

விரலை எடுத்துக்கொண்டு விரிப்பைச் செலுத்தினான்.

கோழை என்று திட்டிவிட்டுப் போவது உங்களுக்குச் சுலபம். அதைவிட மோசமாக அவனே தன்னைத் தினமும் திட்டிக்கொள்கிறான். அந்தத் திட்டால் கம்பி ஓர் அங்குலம்கூடக் கீழே இறங்கவில்லை.

இந்தக் கோடையில் உங்கள் வீட்டுக்கும் ஒருவன் வந்து இறங்குவான். அவன் பெட்டியைப் பிறகு திறக்கலாம். முதலில் கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். விரல் குறைந்திருந்தால், கம்பியைக் கட்டச் சொன்னது யார் என்று கேளுங்கள். பத்தும் பத்திரமாக இருந்தால், பக்கத்தில் நின்று வேலை செய்தவனின் கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவன் பேச்சை மாற்றுவான். விடாதீர்கள்.