கழுவிய காலைத்தான் கழுவுவோம்

போன வாரம் ஒரு போன். எங்கள் சர்ச் நிர்வாகக் குழுவான பங்குப் பேரவையின் செயலாளர் ஆரோக்கியராஜ். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். போனில்கூட காலைப் பிரேயரில் மைக் பிடித்த மாதிரிதான் பேசுவார்.

"சார், வெள்ளிமலையில மூணு நாள் கேம்ப் போடறோம். 'நல்ல கிறிஸ்தவத் தலைவர் ஆவது எப்படி?' இதான் தலைப்பு. நீங்க ஒரு மணி நேரம் பேசணும்."

கல்வராயன் மலை. குளுகுளு காற்று. மத்தியானத்துக்கு நாட்டுக்கோழிக் குழம்பு சொல்லியாகிவிட்டதாம். பேனர்கூட ரெடி. பேனரில் என்ன படம் தெரியுமா? ஒரு பேசின், பக்கத்தில் ஒரு துண்டு. இயேசு சீடர்களின் காலைக் கழுவினாரே... அதற்கு அடையாளமாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேசினா? துண்டா? அதைச் சொல்வது இவரா?

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. எந்தக் கோவில் என்று மட்டும் கேட்காதீர்கள். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எத்தனையோ கோவில்கள். உங்கள் கோவிலாகவும் இருக்கலாம்.

பெரிய வியாழன் சடங்கு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலுவைச் சாவுக்கு முந்தின ராத்திரி, இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தன் சீடர்கள் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அதை நினைத்து வருஷா வருஷம் ஃபாதர் பன்னிரண்டு பேரை நாற்காலியில் உட்கார வைத்து, முட்டிபோட்டு, காலைக் கழுவி, துடைத்து, முத்தி செய்வார், அதாவது முத்தமிடுவார். வேலைக்காரன் செய்கிற வேலையைத் தலைவன் செய்ய வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நடப்பது என்ன? அந்தப் பன்னிரண்டு நாற்காலிக்கு எலெக்‌ஷன் சீட்டு மாதிரி அடிதடி. போன தடவை என் தம்பிக்கு இல்லை, இந்தத் தடவை என் சம்பந்திக்காவது வேண்டும் என்று சிபாரிசு வேறு. இதில் முந்தின ஞாயிற்றுக்கிழமையே மைக்கில் அறிவிப்பு வரும் — "பன்னிரண்டு பேரும் காலை நன்றாகக் கழுவிக்கொண்டு வரவும்." எதற்கு? கழுவுவதற்கு! ஃபாதர் வலது காலை மட்டும்தான் கழுவுவார் என்பதால், வலது காலுக்கு மட்டும் சோப்பு போட்டு வந்த ஒரு ஆசாமியையும் எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் பெரிய வியாழனன்று மத்தியானம் இதே ஆரோக்கியராஜ் கூப்பிட்டார். "சார், ஒரு சீட்டு காலியாயிடுச்சி. நீங்கதான் வந்து ஒக்காரணும். நாலு பேருக்குத் தெரிஞ்ச முகம், வீடியோவுல நல்லா இருக்கும்."

பத்திரிகையில் எழுதுகிறவனுக்குப் பெருமை சொல்லவா வேண்டும்? வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சாயங்காலம் சீக்கிரமே போய்விட்டேன்.

கோவில் காம்பவுண்டுக்குள் ஒரு தண்ணீர்க் குழாய். அதன் அடியில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செங்கல் துண்டால் குதிகாலைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். புது வேட்டி முட்டி வரை நனைந்திருந்தது. வெடிப்பிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

சவரிமுத்து. வடக்கனந்தல் பக்கத்துக்காரர். கரும்பு வெட்டுகிறவர். அவர் தெருவிலிருந்து இதுவரை ஒருவர்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஏன் என்று நான் விளக்க வேண்டுமா? கோவிலுக்கு வந்த பிறகும் எதையெல்லாம் கழற்றி வைக்காமல் வந்தோம் என்று நமக்குத் தெரியாதா என்ன? இந்த வருஷம் புதிதாக வந்த ஃபாதர் "ஊருக்கு ஒருத்தர் வரட்டும்" என்று சொல்லப்போக, அந்தத் தெருவுக்கு முதல் தடவையாக வாய்ப்பு. அவர் உட்காருவதைப் பார்க்கத் தெருவே ஒரு குட்டி யானை வண்டி பிடித்து வந்திருந்தது.

"என்ன சவரிமுத்து இது? ரத்தம் வருதே!"

"காலையில ஒத்திகைக்கு வந்தப்ப செக்ரட்டரி சார் பாத்துட்டாருங்க. காலு இப்படி இருந்தா ஒக்கார வெக்க முடியாதுன்ட்டாரு. அதான் தேச்சிக்கினு இருக்கேன். வெடிப்பு ஜாஸ்தி... போவ மாட்டேங்குது. கொஞ்சம் கம்மியாச்சின்னா ஒக்கார வெப்பாங்கல்ல சார்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலியான சீட்டு யாருடையது என்று. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த மனுஷனுக்கு அது இன்னும் தெரியவே தெரியாது.

நேரே ஆரோக்கியராஜிடம் போனேன்.

"சார், நீங்களே யோசிச்சுப் பாருங்க," என்றார். "கரும்புக் கட்டை குத்துன காயம், கறுத்துப்போன நகம்... அந்தக் காலை ஃபாதர் முத்தி செய்யணும். யூட்யூப்ல லைவ் போகுது. ஃபாரின்லேருந்தெல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே! அது கரும்புக்காட்டுல உழைச்ச கால்தானே? எங்கயாவது திருடப் போன காலா?"

"எமோஷனல் ஆகாதீங்க சார்."

ஃபாதர் பூசை உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நல்ல பையன்தான், படித்தவர், கோல்டு மெடல். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார் — "பேரவை எடுத்த முடிவுல நான் தலையிடறது இல்லீங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்கும் சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பெரிய தியாகம் என்று நினைக்கிறீர்களா? போங்கள்... இரண்டே நிமிஷத்தில் ஆரோக்கியராஜின் மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே உட்கார்ந்துவிட்டார். நாற்காலி எந்தக் காலத்தில் காலியாகக் கிடந்திருக்கிறது?

சவரிமுத்துவிடம் நான்தான் சொன்னேன். வேறு யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை. அவர் செங்கல் துண்டைக் கீழே வைத்துவிட்டுக் குழாயை இறுக்கி மூடினார்.

பூசை தொடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். ஸ்பீக்கரில் ஃபாதரின் பிரசங்கம். "தலைவன் என்பவன் நிமிர்ந்து நிற்பவன் அல்ல, குனிபவன்..." அருமையான பிரசங்கம். ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

உள்ளேயிருந்து சவரிமுத்துவின் மனைவி வேகமாக வந்தார். "இன்னாங்க, இங்க நின்னுக்கினு இருக்கீங்க? உங்க எடத்துல வேற யாரோ ஒக்காந்துக்கினு இருக்காரு. நம்மாளுங்க எல்லாம் இன்னா இன்னான்னு கேக்கறாங்க..."

நான் வாயைத் திறப்பதற்குள் சவரிமுத்து முந்திக்கொண்டார்.

"கால்ல காயம் இருக்குதில்ல? தண்ணி பட்டா சீழ் வெச்சிரும்னு ஃபாதர் சாமிதான் வேணான்னாரு. நம்ம மேல அவருக்கு அம்மாம் அக்கறை. நீ போ. பூசை முடியற வரைக்கும் யாரும் எழுந்து வரக்கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

"நல்ல சாமிங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா திருப்தியாக உள்ளே போனார்.

சவரிமுத்து ஒரே ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் போதும், அந்தத் தெரு மொத்தமும் பாதிப் பூசையில் எழுந்து வெளியே வந்திருக்கும். லைவில் அதையும் ஃபாரின்காரர்கள் பார்த்திருப்பார்கள். உள்ளே தங்க ஜரிகை உடுப்பில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவரின் மானம், வெளியே ஈர வேட்டியோடு நின்றவரின் கையில் இருந்தது. ஃபாதருக்கு அது கடைசி வரை தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

மனைவி போன பிறகு சவரிமுத்து என்னிடம் மெதுவாக ஒன்று கேட்டார்.

சரி, போனுக்கு வருவோம்.

"என்ன சார், தலைவர் பத்திப் பேசறீங்கல்ல?"

"எனக்குத் தகுதி இல்லீங்க. சவரிமுத்துவைக் கூப்புடுங்க."

சிரித்தார். "அவருக்கு மேடையில பேச வராதே சார்!"

"பேசவே வேணாம். அன்னிக்கு மரத்தடியில என்கிட்ட ஒண்ணு கேட்டார். அதை மட்டும் கேக்கட்டும். நீங்களும் ஃபாதரும் பதில் சொல்லுங்க. மூணு நாள் எதுக்கு? அரை மணி நேரத்துல கேம்ப் முடிஞ்சிடும்."

"அப்படி என்ன கேட்டாரு?"

சொன்னேன். அவர் கேட்ட மாதிரியே சொன்னேன்.

"காட்டிக் குடுத்த யூதாசு காலையே கழுவி உட்டாராமே சார்... என் காலு அப்படி இன்னா பண்ணிச்சி?"

அந்தப் பக்கத்திலிருந்து "ஹலோ... ஹலோ... சார், இங்க டவர் சரியில்ல. அப்புறம் கூப்புடறேன்."

அந்த ஏரியா டவர் நிற்பதே அவர் வீட்டு மொட்டைமாடியில்தான்.