நாலு நிமிடத் தாமதம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகு, கறம்பக்குடி வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீசில் கெஞ்சி அனுமதி வாங்கினேன். வேலையில் பிசகு வந்தால் சென்னைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. அப்பாவுக்கு மகள் என்னை விட்டால் ஆள் கிடையாது.

ஒரு இணையதளம் கூட்டத்தைத் தாங்குமா என்று முன்கூட்டியே சோதிப்பதுதான் என் வேலை. முதலில் நான் ஒரு ஆளாக உள்ளே போய், விண்ணப்பத்தை நிரப்பி, பட்டன்களை அழுத்துவேன். ஒரு மென்பொருள் அதைப் பதிவு செய்துகொள்ளும். பிறகு ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்ததுபோல அந்தப் பதிவை ஓட்டுவோம். ஒரு பட்டனுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான் எத்தனை நொடி சும்மா இருந்தேன் என்பதையும் அது விடாமல் குறித்துக்கொள்ளும்.

ஒரு நாள் காலையில் பதிவு எடுத்து ஓட்டிப் பார்த்தபோது, முகவரிப் பக்கம் மட்டும் நாலு நிமிடம் அசையவில்லை. எனக்கு எதற்கெடுத்தாலும் சுருக்கென்று கோபம் வரும். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்குக் காரமாக ஒரு மெயில் தட்டிவிட்டேன். அவர்கள் மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுத் தேடியிருக்கிறார்கள். சாயங்காலம் எங்கள் டீம் லீடர் போன் செய்தார்.

“சர்வர்ல ஒண்ணும் இல்லைங்க. உங்க ரெக்கார்டிங்லயே அந்த நாலு நிமிஷம் இருக்கு. அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

நெட் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரைச் சொன்னால் யாரும் நம்புவார்கள். ஆனால் என் கோபத்துக்கு ஒரு குழுவே அல்லாடியிருந்தது. வெட்கமாக இருந்தது.

“அப்பாவத் திருப்பிப் படுக்க வச்சேன் மேடம். ரெக்கார்டிங்க நிறுத்த மறந்துட்டேன்.”

“அந்த டீமுக்கு ஒரு சாரி அனுப்பிடுங்க. வேற எங்கயாவது இப்படி இருக்கான்னு பார்த்து எடுத்துட்டு மறுபடி ஓட்டுங்க. நீங்க ஊர்லயே இருங்க” என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது. பதிவை வரிவரியாகப் பார்த்தேன். அன்று நான் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா மூன்று முறையாவது கூப்பிட்டிருப்பார். பதிவில் ஒரே ஒரு இடத்தில்தான் நான் நின்றிருக்கிறேன். மற்ற இடமெல்லாம் இரண்டு நொடி, மூன்று நொடி என்று பட்டன்கள் ஒழுங்காக விழுந்திருந்தன. “இந்தா வாரேன்ப்பா” என்று வாய் சொன்னது நினைவிருக்கிறது. கை நிற்கவே இல்லை. யாருக்காகக் கெஞ்சிக் கூத்தாடி இந்த ஊரில் இருக்கிறேனோ, அவருக்கு நான் கொடுத்தது அந்த நாலு நிமிடம்தான்.

எழுந்து உள்ளே போனேன். “காலையில கூப்பிட்டீங்களேப்பா, என்ன வேணும்?”

“அது அப்ப, ஆத்தா” என்றார். “இப்ப ஒண்ணும் வேணாம். நீ போயி வேலையப் பாரு.”