மிசியம்மாவின் றங்குப் பெட்டி

நேற்றுப் பேத்தி அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டாள். அந்த மணம் வந்தால் அலுமாரிக் கதவை மூட இன்னும் நான் விடமாட்டேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, துறைமுகத்துக்கு எதிரே, இப்போது இல்லாத மிஷன் பங்களாவில் அம்மா சமையல் வேலை செய்தார். பாதிரியாரும் அவர் மனைவி மிசியம்மாவும் லீவில் சீமைக்குப் போகும் முன், அங்கே தேவாலயம் தேவாலயமாகப் பள்ளிக்கூடத்துக்கு உதவி கேட்கும்போது காட்டுவதற்கென்று சுளகு, ஓலைப்பெட்டி, சேலை எல்லாவற்றையும் மிசியம்மா இந்த உருண்டை போட்டு பெரிய தகர றங்குப் பெட்டியில் அடுக்குவார்.

"இனி நீதான் மிச்சம், பிள்ளை. உன்னையும் மடிச்சு வைக்கப் போகினம்," என்றார் தோட்டக்கார மாமா.

"உள்ளுக்குள்ள மூச்சுவிட ஏலாதே, மாமா?"

"அதுக்குத்தானே பூட்டில ஓட்டை இருக்கு!"

அம்மாவின் முந்தானையை நான் விடவேயில்லை. பின்னேரம் பாதிரியார் என்னைப் பிரித்து, கப்பல் தெரியக் கரையில் நிறுத்திப் படம் எடுத்தார். அழக்கூடப் பயம்.

"நல்லது, இப்படியே நில்லு," என்றார் மிசியம்மா.

என்னை விட்டுவிட்டுத்தான் போனார்கள். திரும்பி வந்த மிசியம்மா, அந்தப் படத்தில் என் முகத்தைப் பார்த்துத்தான் சனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள் என்று என்னைக் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குப் புது ஓடு வந்தது.

அடுத்த லீவுக்கு முன்னும் என்னைக் கரையில் நிறுத்தினார்கள். அப்போது எனக்குப் பயம் தெளிந்திருந்தது. மிசியம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற என் தங்கச்சியைக் கூப்பிட்டார்.