பாவடிக்காக ஆளுக்கு இரண்டடி

கஞ்சி வாடை எங்காவது மூக்கில் பட்டால் போதும், நகரிப் பக்கத்து நெசவாளர் ஊர் ஒன்று நினைவுக்கு வந்துவிடும். நகரி ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று டீக்கடைதோறும் அடித்துக்கொண்டிருந்த காலம். சித்தூரில் அரசாங்க அலுவலகத்தில் மனைப் படம் வரைகிற வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மழையில் இடிந்த குடிசைகளுக்குப் பதிலாக முப்பது வீட்டுக்கு மனை பிரிக்க என்னை அங்கே அனுப்பினார்கள். எல்லை முடிவானால் கோப்பு எந்த ஊர் அலுவலகத்தில் போய் உறங்குமோ என்று எல்லோருக்கும் அவசரம்.

என் படத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. நடுவில் சதுரமாக மைதானம், அதில் ஒரு வேப்பங்கன்று, சுற்றிலும் வீடுகள். ஊருக்குத் திறந்தவெளி விட்ட மகராசன் என்று மாலை போடுவார்கள் என்றுகூட நினைத்தேன். சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று, பட்டியலில் கடைசியாக இருந்த அம்மா கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். கணவனை இழந்தவர், மகளோடு தறி நெய்து பிழைத்தவர்.

"எல்லாம் நல்லாத்தான் கீது நைனா. பாவு எங்க போடறது?"

"அதான் இவ்ளோ பெரிய மைதானம் கீதேம்மா."

மறுநாள் விடிந்ததும் அவரும் அக்கம்பக்கத்தாரும் பாவு என்கிற, தறியில் ஏற்ற வேண்டிய நீள நூலை என் மைதானத்துக்கே கொண்டுவந்து விரித்தார்கள். அதை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். அகலம் எதற்கு, நீளம்தான் வேண்டும். மூலைக்கு மூலை இழுத்தும் பாவின் தலை என் வேப்பங்கன்றைத் தாண்டி, ஒரு மனையின் வாசல் கோட்டையும் தாண்டி, அடுப்படிக்கென்று போட்ட கோட்டுக்குள் நுழைந்துவிட்டது. ஊரே சிரித்தது. காலங்காலமாக அவர்கள் பாவு போட்டுவந்த பாவடியில்தான் நான் வரிசையாக வீடுகளை நிறுத்தியிருந்தேன்.

வெட்கத்தோடு மறுபடி வரைந்தேன். பாவடியை நீளவாக்கில் அப்படியே விட்டு, இருபுறமும் சுவரோடு சுவராக வீடுகள். எவ்வளவு நெருக்கியும் இருபத்தொன்பது மனைதான் வந்தது. கேள்வி கேட்டவருக்கே வீடில்லை. படத்தை அவர் முன்னால் விரித்துவைத்தேன்.

அவரே படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "பாவடி இருக்கட்டும் நைனா. நாங்க எங்கனா குந்திக்கிறோம்," என்றார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் மனைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் மனைக்கு எல்லையாக அடித்திருந்த முளையைத் தானே பிடுங்கினார். "ஆளுக்கு ரெண்டடி உட்டா ஒரு வூடு வராதா சார்?"

"வரும். ஆனா தறிக்குழி போக, உள்ள கட்டில் போட எடம் இருக்காதே."

"நாங்க என்னா கட்டில்ல படுத்துக்கினா நெய்யறோம்?"

பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் முளையைப் பிடுங்கி நகர்த்தி அடித்தார்கள். மாலைக்குள் முப்பதாவது மனை வந்துவிட்டது.

எல்லையும் முடிவானது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. பல வருடம் கழித்து, திருப்பதி போகிற வழியில் விடியற்காலையில் அங்கே இறங்கினேன். பாவடி நெடுக, வீட்டுக்கு ஒன்றாகக் கட்டில்கள் வெளியே கிடந்தன. பாவு போட நேரமாகிவிட்டதால் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தார்கள். கடைசி வீட்டு அம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் சாத்திய கட்டிலை மறுபடி இறக்கிப் போட்டார்.

"உள்ள எடம் ஏது? இங்கயே குந்து நைனா."

உட்கார்ந்தேன். அத்தனை கட்டிலும் ஏன் வெளியே வந்தன என்பது எனக்குத் தெரியும். நான் எழுந்திருக்கட்டும் என்று, கையில் பாவோடு தெருவே காத்து நின்றது.