காப்புக் கட்டாத கை

பட்டறைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தபோது செல்வராஜுவின் மனைவி மல்லிகா போனில் கூப்பிட்டாள். "அண்ணே, இவரு எந்திரிக்க மாட்டேங்கறாரு." தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். காலமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டியவன், உடம்பில் ஒரு வெட்டுக்காயத் தழும்புகூட இல்லாமல் போய்விட்டான்.

செல்வராஜுவும் நானும் ஒரே தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். புக்கிட் பெருந்துங்கில் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டு, கோலசிலாங்கூரில் கூட்டாகப் பட்டறை போட்டோம். வீட்டுக் கேட், ஜன்னல் கம்பி, பாசிர் பெனம்பாங் மீன்பிடிப் படகுகளுக்குக் கைப்பிடி, எது வந்தாலும் செய்வோம். சண்டை போடாத நாளும் கிடையாது.

பட்டறைக்கு வந்துபோன உங்களுக்கு அவன் குரல் மறந்திருக்காது. வெல்டிங் வைக்குமுன் "பாக்காதே!" என்று ஒரு கத்து கத்துவான். எதிர்க்கடையில் தே தாரிக் குடிப்பவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "ஊருக்கே ஏன்டா கத்துற?" என்று கேலி செய்தால், "கண்ணு போச்சுன்னா கடையில வாங்கிக் குடுப்பியா லா?" என்பான்.

வெல்டிங்கில் கையுறை போடாவிட்டால் திட்டுவான். துளை போடும் மிஷினில் கையுறை போட்டால் அதைவிட அதிகமாகத் திட்டுவான். சுற்றுகிற மிஷின் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஆயுத பூஜை முடிந்ததும் மிஷின்களுக்குப் போட்ட மாலைகளை அவனே கழற்றி, ஒரு நூல்கூடத் தங்கவில்லை என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடவிடுவான்.

எங்கள் பெரிய சண்டை காப்புக் கயிற்றால் வந்தது. வருடா வருடம் நான் தீமிதிப்பவன். பட்டறை போட்ட முதல் வருடம், விரதத்துக்கு மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் கயிற்றோடு துளை மிஷினுக்குப் போனேன். பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்தான்.

"சாமி கயிறுடா. சாமி காப்பாத்தும்."

"உன்னக் காப்பாத்தும். மிஷினுக்கு எந்தச் சாமியத் தெரியும்? கயித்த அவுக்கச் சொல்லல. தள்ளி நில்லுன்னுதான் சொல்றேன்."

அன்று முதல் காப்பு நாட்களில் எனக்குச் சாயம் பூசும் வேலை, அவனுக்குத் துளை போடும் வேலை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிரஷ்ஷைப் பிடிப்பேன். அவன் முதுகைக் காட்டியபடி மிஷினை ஓட்டுவான். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை எனக்குக் கவலை இருந்ததில்லை.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் தீமிதிப்பதாக அவனும் வேண்டியிருந்தான். பேரனும் பிறந்தான். "ரெண்டு பேரும் காப்புக் கட்டிக்கிட்டா மிஷின யாரு பாக்குறது? இந்த வருஷம் நான் கட்டிக்கறேன், நீ மிஷினப் பாரு" என்றான். சரி என்று கையடித்தேன். திருவிழாவுக்கு முன்பே போய்விட்டான்.

காரியம் முடிந்த பிறகு மல்லிகா கேட்டாள்: "அண்ணே, அவரு வேண்டுதல் நிக்குது. நீங்க செஞ்சிடுறீங்களா?"

இந்த வருடம் என் வேண்டுதலை அம்மனிடம் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, அவன் பெயரைச் சொல்லிக் காப்புக் கட்டிக்கொண்டேன். கோவிலிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்து துளை மிஷினின் மெயின் சுவிட்சை அணைத்தேன். படகுக்காரர் கைப்பிடிக்கு அவசரப்படுகிறார். காப்பு அவிழ்க்கும்வரை பொறுக்கச் சொல்லிவிட்டேன்.

செல்வராஜு, உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். ஆள் இல்லாத பட்டறையிலும் வெல்டிங் வைக்குமுன் "பாக்காதே!" என்று கத்துகிறேன். கையில் கயிறு இருக்கும்வரை மிஷினைவிட்டுத் தள்ளியே நிற்கிறேன். நீ சொன்னபடி எல்லாம் செய்கிறேன்டா. ஆனால் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, முதுகுக்குப் பின்னால் அந்த மிஷின் ஓடவில்லை.