பின்னால் நடந்த நட்சத்திரம்

வால் நட்சத்திரம் வரப்போகிறது என்று ரேடியோவில் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்த வருடம் அது. எனக்கு ஒன்பது வயது. கிறிஸ்தவச் சாமியாருக்குப் படிக்கப் போயிருந்த என் மாமா, குருமடத்திலிருந்து பாதியிலேயே பாப்பிரெட்டிப்பட்டிக்குத் திரும்பி வந்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தம்பி கோயிலில் பூசை வைப்பதைப் பார்க்கப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த அம்மா, சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார். அப்பா வயலிலிருந்து வந்தால் மாட்டோடு பேசுவார்.

அதனால் மாமா என்னோடு பேசினார்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் நான் நட்சத்திரம். வசனம் கிடையாது. ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டையைத் தலைக்கு மேல் பிடித்தபடி மூன்று ராஜாக்களுக்கு முன்னால் நடந்து, குடில் வந்ததும் நிற்க வேண்டும். ஆனாலும் நான் எந்த நட்சத்திரம் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்ததும் களத்தில் தனியாக உட்கார்ந்திருந்த மாமாவிடம் கேட்டேன்.

"வால் நட்சத்திரமா இருக்கலாங்கறாங்க. எங்கியோ ஒரு நட்சத்திரம் வெடிச்ச வெளிச்சமா இருக்கலாங்கறாங்க. வியாழனும் சனியும் கிட்ட வந்து ஒண்ணா தெரிஞ்சிருக்கலாம்னும் சொல்றாங்க. சரியா யாருக்கும் தெரியாது கண்ணு."

"வூட்டுக்கு மேல வந்து நின்னுச்சுன்னு பூசையில படிச்சாங்களே மாமா?"

"அதோ தெரியுது பாரு, அதுதான் வியாழன். கொஞ்ச நாளைக்கு நிக்கற மாதிரி தெரியும். அப்பறம் வந்த வழியே திரும்பற மாதிரி தெரியும். நெசமா அது திரும்பறதில்ல. அது பாட்டுக்குப் போயிட்டுத்தான் இருக்குது. இங்கிருந்து பாக்கறவங்களுக்குத்தான் அப்படித் தெரியுது."

எனக்கு வியாழனைப் பிடித்துப்போயிற்று.

நாடகத்தன்று குடில்வரை ஒழுங்காக நடந்தேன். நின்றேன். பிறகு வந்த வழியே பின்னால் நடந்தேன். முதல் ராஜாவின் காலை மிதிக்க, அவன் இரண்டாம் ராஜாமேல் சாய, மூன்றாம் ராஜாவின் கையிலிருந்து பறந்த சாம்பிராணித் தட்டு குடிலில் நின்ற சூசையப்பரின் ஒட்டுத் தாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. ஊரே சிரித்தது.

நாடகம் பழக்கிய சிஸ்டர் மேடையிலேயே என் காதைப் பிடித்தார். "யாரு உன்னப் பின்னால நடக்கச் சொன்னது?"

"எங்க மாமாங்க. அது சாமி அனுப்பின நட்சத்திரமே இல்லீங்களாம். சும்மா வியாழனாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாத் தலைகளும் கடைசியில் நின்றிருந்த மாமா பக்கம் திரும்பின. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நீயாப்பா சொன்ன?" என்றார் பங்குச் சாமியார்.

மாமா என்னைப் பார்த்தார். என் காது இன்னும் சிஸ்டர் கையில்தான் இருந்தது.

"ஆமாங்க சாமி, நாந்தான் சொன்னேன்."

மறுநாள் காலை அவர் வேலை தேடிப் பெங்களூருக்குக் கிளம்பினார். அம்மா வாசலுக்கு வரவில்லை. முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கட்டி என்னிடம் கொடுத்தனுப்பினார். பஸ் ஜன்னல் வழியாக அதை வாங்கிக்கொண்டு மாமா, "நல்லா நடந்த கண்ணு" என்றார். நான் அதை அப்படியே நம்பினேன். பஸ் திரும்பி மறையும்வரை சந்தோஷமாகக் கையாட்டினேன். ஊரில் அவரோடு பேசிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான், நானும் அவர் சொல்லாததைச் சொல்லிவிட்ட பிறகு அவர் யாருக்காக அங்கே இருப்பார் என்பது அப்போது எனக்கு எட்டவில்லை.