சேங்கொட்டை மை

எனக்கு வாக்கு இல்லாத காலத்தில்தான் நான் அதிகமாக அரசியல் பேசினேன். வாக்குக் கிடைத்த பிறகு, யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறேன். எனக்கு அரசியலே பிடிக்காது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிடிக்காமல் இல்லை. வெட்கம்.

அப்போது எனக்குக் கண்டி நகரத்தில் ஒரு லோண்டரியில் வேலை. மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கமிருந்து மேலே ஏறும் தெரு. முன்னால் உடுப்பு வாங்கிக் கொடுக்கும் மேசை, ஒரு கண்ணாடி அலுமாரி, வந்தவர்கள் உட்கார இரண்டு கதிரை. பின்னால் இஸ்திரி போடும் இடம், அதற்கும் பின்னால் ஓர் அறை. அந்த அறையில்தான் நான் தங்கினேன். புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பஸ் ஏறி வந்தவன் நான். முதலாளி கண்டியிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். மெல்லப் பேசுவார், சம்பளத்தை நாள் தவறாமல் கொடுப்பார். என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

வந்து சேர்ந்த உடுப்பு மாறிப் போகாமல் அடையாளம் போடுவது என் வேலை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சேங்கொட்டையை ஊசியால் குத்தி, கசியும் பாலை ஈர்க்கில் தொட்டு, காலரின் உட்பக்கம் குறி போட வேண்டும். மேலே கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் தடவினால் கன்னங்கரேலென்று பிடித்துக்கொள்ளும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. ஆனால் தோலில் பட்டால் கொப்பளித்துப் புண்ணாகிவிடும். லோண்டரி வேலைக்கு வருகிற எவனுக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற சங்கதி இது.

சாயங்காலம் ஆனால் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் கடைக்கு வருவார். உடுப்பு கொடுக்க வாரத்தில் ஒரு நாள், பேப்பர் படிக்க மிச்ச நாளெல்லாம். அவர் கதிரையில் உட்கார்ந்து தலைப்புகளை உரக்க வாசிப்பார். முதலாளி மேசைக்குப் பின்னாலிருந்து கேட்பார். நான் இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டே தீர்ப்புச் சொல்வேன்.

ஆமாம், தீர்ப்புத்தான். பச்சைக் கட்சித் தலைவருக்கு மூளை இருக்கிறது, முதுகெலும்பு இல்லை என்பேன். நீலக் கட்சித் தலைவர் ஊருக்கு ஊர் பேச்சை மாற்றுகிறார் என்பேன். எங்கள் தோட்டச் சங்கத் தலைவரையும் விட்டுவைக்கவில்லை; கொழும்பில் ஒரு வாய், ஹட்டனில் ஒரு வாய் என்று சொல்லி முதலாளியைச் சிரிக்கவைத்திருக்கிறேன். மாநகரசபைத் தேர்தல் வந்ததும் எனக்கு ஒரே குஷி. வாவியைச் சுற்றி லைட் போட்டால் மேயராகிவிட முடியுமா, மழை பெய்தால் கடைக்குள் வருகிற சாக்கடைக் கான் தண்ணீருக்கு யார் பதில் சொல்வது என்று மேடைப் பேச்சாளன் மாதிரி கேட்பேன்.

"தம்பி, இந்த முற ஆரு மேயர்? செல்லுங்க பாப்பம்," என்பார் முதலாளி.

"உம்மட கணிப்பு என்ன?" என்று ஐயா பேப்பரைத் தாழ்த்துவார்.

படித்த மனிதர் ஒருவர் என் பதிலுக்காகப் பேப்பரைத் தாழ்த்துகிறார். அந்த ஒரு நொடிக்காகவே நான் நாள் முழுக்க யோசித்து வைத்திருப்பேன்.

என்னிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. சுதந்திரம் வந்த கையோடு இந்திய வம்சாவளித் தோட்டத்துச் சனத்தின் பிரஜாவுரிமையைப் பறித்தார்களே, அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் அடங்கியது. அப்பா விண்ணப்பம் போட்டுப் பார்த்தார், இல்லையென்றுவிட்டார்கள். இந்தியாவும் எங்களை எடுக்கவில்லை, இலங்கையும் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்த எனக்கு வாக்கு இல்லை. கடையில் இதை நான் மூச்சுக்கூட விடவில்லை. சொன்னால் அடுத்த நாள் ஐயா பேப்பரைத் தாழ்த்துவாரா? வாக்கே இல்லாத தோட்டக்காட்டானுக்கு இவ்வளவு வாயா என்றுதானே நினைப்பார்? எனக்கு அந்தப் பயம்தான்.

அப்போதெல்லாம் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்வார்கள். அவர்கள் கூடி மேயரை எடுப்பார்கள். மேயராக வரப்போகிறவர் என்று ஊரே பேசிய ஒருவர் எங்கள் வட்டாரத்திலேயே நின்றார். சிங்களவர், வழக்கறிஞர், முதலாளியின் பழைய வாடிக்கைக்காரர். தேர்தலுக்கு முந்திய வாரம் ஆட்கள் சூழக் கடைக்குள் வந்தார். முதலாளி மாலை போட்டார். அவர் நேராக என்னிடம் வந்து உடைந்த தமிழில், "தம்பி, வோட்டு நமக்குத்தானே?" என்றார்.

சும்மா சிரித்திருக்கலாம். கும்பிட்டிருந்தாலும் போதும். என் நாக்கு சும்மா இருக்குமா?

"ஒங்களுக்குப் போடாம வேற யாருக்குங்க போடப் போறேன்?" என்றேன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. அவர் என் தோளில் தட்டினார். முதலாளி திரும்பி அலுமாரியில் எதையோ தேடினார். ஐயா தொண்டையைச் செருமினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

வாக்களிப்புக்கு முதல் நாள் கட்சிக்காரன் ஒருவன் வந்து, காலையில் ஆட்களை ஏற்றக் கார் வரும் என்றான். "நான் வெள்ளனவே நடந்து போயிருவேங்க, காரெல்லாம் வயசாளிகளுக்கு இருக்கட்டும்," என்றேன். பெருந்தன்மைக்காரன் என்று அவன் என்னைப் பாராட்டிவிட்டுப் போனான்.

சொன்னபடி வெள்ளனவே நடந்தேன். வாக்குச் சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு கடை வாசலில் நின்று பார்த்தேன். வரிசையில் நின்றவர்களின் சட்டைகளில் பாதி நான் இஸ்திரி போட்டவை. காலரின் மடிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வெளியே வந்தவர்கள் மை பூசிய இடது கைச் சின்ன விரலை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள். என் சின்ன விரலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மத்தியானம் கடை திறக்கும், எல்லோரும் வருவார்கள், இந்த விரலை எங்கே வைப்பது?

பின்னறைக்கு ஓடிவந்து கதவைச் சாத்தினேன். பேனா மை வியர்வைக்கே கரைந்துவிடும். கரையாதது எது என்று என்னை விட யாருக்குத் தெரியும்? நகத்தில் மட்டும்தானே, தோலில் படாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சேங்கொட்டையை எடுத்தேன். அவசரத்தில் கூடுதலாகத் தொட்டுவிட்டேன். பால் நகக்கண்ணில் வழிந்து ஓரத் தோலில் இறங்கியது. துடைத்தேன், சுண்ணாம்பு தடவினேன். விரல் கறுத்துவிட்டது. அந்தக் கறுப்பைப் பார்த்து, கடவுளே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் எல்லோரும் விரலைக் காட்டினார்கள். நானும் காட்டினேன்.

"உம்மட மை நல்ல கறுப்பாய்க் கிடக்கு," என்றார் ஐயா.

"முதல் ஆளாப் போனேங்க, அதான் கெட்டி மை," என்றேன். முதலாளி என் விரலைச் சற்றுக் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் தேத்தண்ணி சொல்லியனுப்பினார். அன்றைக்கு நான் மற்ற நாட்களை விட அதிகமாகப் பேசினேன்.

அடுத்த நாள் விரல் அரிக்கத் தொடங்கியது. அதற்கடுத்த நாள் நீர்க் கொப்புளம். பிறகு புறங்கை வரை வீங்கிச் சிவந்து, இஸ்திரிப் பெட்டியின் சூடு பக்கத்தில் வந்தாலே உயிர் போனது. முதலாளி கேட்டபோது, "இஸ்திரிப் பெட்டி பட்டிருச்சுங்க," என்றேன். ஆயுசு முழுக்க லோண்டரி நடத்திய மனிதரிடம் அதைச் சொன்னேன். அவர் வீட்டிலிருந்து தேங்காய்ப்பால் கொண்டுவரச் செய்து தடவச் சொன்னார். என்னை அடையாளம் போடும் மேசைக்குப் போக விடவில்லை.

நான் கணித்த ஆளே வென்றார். சபை கூடி அவரையே மேயராக எடுத்தது. நன்றி சொல்ல ஊர்வலமாகத் தெருவுக்கு வந்தார். வெடிச்சத்தம் கேட்டதும் நான் பின்னறைக்கு நழுவப் பார்த்தேன். ஐயா வழியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் மேயர் உள்ளே வந்துவிட்டார். என்னை அவருக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு கையாலும் என் கையைப் பிடிக்க வந்தவர், துணி சுற்றிய விரலைக் கண்டு நின்றார். துணிக்கு மேலே கறுத்த நகம் எட்டிப் பார்த்தது. பின்னால் வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். என்ன இது என்று மேயர் சிங்களத்தில் கேட்டார்.

என் வாய் திறக்கவேயில்லை. இத்தனை நாள் ஓயாத வாய்.

முதலாளி சிரித்துக்கொண்டே முன்னால் வந்து, வேலை செய்யும்போது இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது என்று சிங்களத்திலேயே சொல்லி, மேயரை அடுத்த கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். என் பொய்யை எழுத்துக்கு எழுத்து அப்படியே சொன்னார்.

அவர் திரும்பி வந்தபோது கடையில் நாங்கள் மூன்று பேர்தான். சும்மா இருக்கத் தெரியாத நான் இன்னொரு பொய்யைத் தொடங்கினேன். "அது வந்துங்க மொதலாளி, வோட்டுப் போட்ட மைய அழிக்கலாம்னு..."

"தம்பி," என்றார். கோபம் துளிகூட இல்லை. "சேங்கொட்டப் புண்ணு எனக்குத் தெரியாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்தக் கடையில ஈக்கிற ஆக்கள்ட பேர வருஷா வருஷம் வோட்டு லிஸ்ட் எழுதுற விதானைக்குக் குடுக்கிறது நான்தானே. நீங்க வந்த வருஷமே உங்கட பேரயும் செல்லிப் பாத்தன். தோட்டத்து ஆள், பிரஜாவுரிமை இல்ல, ஏலாதுண்டு செல்லிட்டாரு. அத உங்களுக்கிட்ட எப்பிடிச் செல்றது? மனசு நோகும்தானே."

வாக்காளர் பெயர் எப்படிப் பதியப்படுகிறது என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கட்சித் தலைவர்களின் முதுகெலும்பு வரை தெரிந்தவனுக்கு, குடியிருக்கும் இடத்துக்காரர்தான் பெயர் கொடுப்பார் என்ற அரிச்சுவடி தெரியவில்லை. வாக்கு இருந்த ஒருவன் இந்தத் தவறைச் செய்திருக்கமாட்டான்.

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது எங்களுக்குத் தெரிஞ்ச விசயம்தான் தம்பி," என்றார். "நீர் அதைப் பெரிசா எடுக்காதேயும். நீர் கதைக்கிறதைக் கேக்க எங்களுக்கு விருப்பம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கொஞ்சம் சிரித்திருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு சாயங்காலமும், நான் தீர்ப்புச் சொன்ன ஒவ்வொரு தடவையும், இவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. சின்னப்பிள்ளை கடை வைத்து விளையாடும்போது பெரியவர்கள் சாமான் வாங்குகிற மாதிரி என்னிடம் கருத்து வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் மனதில் அப்படி இருந்ததோ என்னவோ, எனக்கு அன்று அப்படித்தான் பட்டது. இன்றைக்கும் முழுசாக மாறவில்லை. காது மடல் சுட, பின்னறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கை ஆறி வேலைக்குத் திரும்பிய பின் ஒரு சாயங்காலம். ஐயா பேப்பரை விரித்து, நாடாளுமன்றத் தேர்தல் வரப்போகிறதாம் என்று வாசித்தார். முதலாளி என்னைப் பார்த்தார். அவர்கள் இருவரும் முன்கூட்டியே பேசிவைத்திருக்க வேண்டும். பழையபடி என்னைப் பேசவைக்க அவ்வளவு பிரயாசைப்பட்டார்கள்.

"என்ன தம்பி, சத்தத்தக் காணோம்? இந்த முற எந்தப் பக்கம், செல்லுங்க," என்றார் முதலாளி.

ஐயா பேப்பரைத் தாழ்த்தினார்.

நான் ஒரு சட்டையின் கையை மடித்து, அதன் மேல் மற்றக் கையை மடித்தேன். "எனக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றேன்.

முதலாளி அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ஐயா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு, விளையாட்டுச் செய்திகளை வாசிக்கத் தொடங்கினார்.